நீதிபதி தூக்கிய கால்

ஓர் ஏரிக்கரைக் காட்டில் கொம்பையா என்ற காட்டுப்பன்றி இருந்தான். கரை மண்ணுக்குள் விளையும் கோரைக்கிழங்கு என்றால் அவனுக்கு உயிர். ஒரு வாரம் கரையைத் தோண்டித் தோண்டித் தின்றான். எட்டாம் நாள் கரை உடைந்தது. ஏரித் தண்ணீரில் பாதி ஓடிப்போனது. மீன்கள் சேற்றில் துள்ளின. தவளைகள் குடும்பத்தோடு வேறு குட்டை தேடி நடந்தன.

வழக்கு காட்டுச் சபைக்கு வந்தது. அங்கே நீதிபதி ஒரு கிழட்டுக் காட்டெருமை. நல்லவர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் அசை போட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். குமாஸ்தா ஓர் ஆமை.

காட்டின் சார்பில் குற்றத்தை எடுத்துச் சொல்ல ஒரு வழக்குரைஞர் வேண்டும். முதலில் முயல் வந்தான். காலையில் ஆரம்பித்தவன் மதியமே நிறுத்திவிட்டான்.

"தொண்டை கட்டிக்கிச்சுங்க ஐயா" என்றான், நல்ல கணீர்க் குரலில்.

அடுத்து மரங்கொத்தி வந்தான். அவனுக்கு அலகில் சுளுக்காம். மூன்றாவதாக வந்த உடும்பு, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மரத்தில் ஏறினான். இன்னும் இறங்கவில்லை.

இதற்குக் காரணம் அந்தச் சபையின் இரண்டு வழக்கங்கள். வழக்குரைஞர் வாயைத் திறக்கும் முன் தன் வீடு எங்கே இருக்கிறது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம். எந்தக் காலத்திலோ ஒரு பொய்யன் வழக்குப் பேசிவிட்டு ஓடிவிட்டானாம். அதிலிருந்து வந்த ஏற்பாடு. இன்னொரு வழக்கம், வழக்குரைஞர் உட்கார்ந்துவிட்டால் வழக்கும் அத்தோடு விழுந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுக்குப் போகலாம்.

தவளைகள் மறுபடி மறுபடி மனு கொடுத்தன. ஒரே குற்றத்துக்கு நான்கு முறைக்கு மேல் மனு கொடுக்க முடியாது. இது நான்காவது முறை.

நான்காவது முறை வழக்குப் பேச வந்தவள் வடிவு என்ற ஆள்காட்டிக் குருவி. அவள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வானத்தில் பறந்தபடி கத்துவதோடு சரி. சபையில் நின்று பேச வந்தவள் அவள்தான் முதல். அதனால் மூன்று நாள் தன் முட்டைகளின் முன்னால் நின்று பேசிப் பழகியிருந்தாள். முட்டைகள் குறுக்கே பேசவில்லை. அது அவளுக்குத் தைரியமாக இருந்தது.

"வீடு எங்கேம்மா?" என்றார் நீதிபதி.

"ஏரிக்குத் தெற்கே, கூழாங்கல் திட்டுலங்க ஐயா. தரையிலதான். நாலு முட்டை இருக்கு."

முட்டைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொல்வது அவள் பழக்கம்.

பிறகு வழக்கைப் பேசினாள். கரையில் பதிந்த குளம்புத் தடத்தைக் காட்டினாள். கொம்பையாவின் கோரைப்பல்லில் இன்னும் ஒட்டியிருந்த கரை மண்ணைக் காட்டினாள். சபை தலையாட்டியது. கொம்பையா வாயை மூடிக்கொண்டான்.

மதிய இடைவேளையில் அவன் மெல்ல அவள் பக்கம் வந்தான். வெகு பணிவாக நின்றான்.

"நல்லாப் பேசுற தங்கச்சி. எங்க வீட்டுப் பிள்ளை பேசுற மாதிரி இருந்துச்சு."

"சரிங்க அண்ணே."

"சாயங்காலம் நான் உன் வீட்டுப் பக்கம்தான் நடக்கப் போவேன். எனக்குக் கண்ணு வேற மங்கிப்போச்சு. கல்லுன்னு நெனச்சு எதையாவது மிதிச்சுட்டேன்னா அண்ணன் மேல வருத்தப்படக் கூடாது, என்ன?"

வடிவுக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. நேரே நீதிபதியிடம் பறந்துபோய், கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

நீதிபதி அசை போட்டார். நிறைய நேரம் போட்டார்.

"மிதிச்சானா?"

"இன்னும் இல்லீங்க."

"மிதிச்ச பிறகு வாம்மா. ரொம்பக் கண்டிப்பா விசாரிப்போம்."

"மிதிச்ச பிறகு விசாரிக்க என்னங்க ஐயா இருக்கும்?"

"ஓடு இருக்குமே. ஓட்டை வச்சு விசாரிக்கலாம்."

இதற்குள் கொம்பையாவின் வக்கீல் நரி ஒரு மனுவோடு வந்துவிட்டான். வடிவு சதா கத்துவதால் தன் கட்சிக்காரரின் தூக்கம் கெடுகிறது. ஆகவே அவளைக் காட்டைவிட்டே அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது.

"அவர் தூங்குறது ஏரிக்கு வடக்கே" என்றாள் வடிவு. "நான் இருக்கிறது தெற்கே."

"என் கட்சிக்காரருக்குக் காது ரொம்ப நுட்பம்" என்றான் நரி.

"கண்ணு மட்டும்தான் மங்கலா?"

நரி மனுவை நீதிபதியின் முன்னால் வைத்தான். அவரும் அதை அசை போட எடுத்துக்கொண்டார்.

வடிவு வீட்டுக்கு வந்தாள். அவள் கணவன் செல்லையா திட்டின் ஓரத்தில் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டியபடி இருந்தான். முட்டைப் பக்கம் யாராவது வந்தால் அடிபட்ட பறவைபோல் நடித்து அவர்களை வேறு பக்கம் இழுத்துப் போவது ஆள்காட்டிகளின் வழக்கம்.

"யாருங்க வந்தா?"

"ஓணான்தான். பழகிப் பார்க்கிறேன்."

வடிவு நடந்ததைச் சொன்னாள். செல்லையா நொண்டுவதை நிறுத்தினான்.

"நான் நடிச்சா கொம்பையா பின்னாலேயே வருவானா?"

"வரமாட்டான். அவன் குருவியைத் திங்க வரல. நான் வாயை மூடணும்னு வர்றான்."

"அப்போ வழக்கை விட்டுடு வடிவு. முயல் விடலையா, உடும்பு விடலையா? யாரு உன்னைக் கேக்கப் போறா?"

"நான் உட்கார்ந்தா வழக்கு முடிஞ்சுது. அவன் தோண்டிக்கிட்டேதான் இருப்பான், அடுத்த மழைக்குக் கரை இருக்காது. ஏரியே இல்லாத ஊர்ல இந்த நாலையும் பொரிச்சு என்ன பண்றதுங்க?"

செல்லையா முட்டைகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பேசாமலும் இருக்க முடியாது, பேசவும் முடியாது. நல்ல வேலைக்குப் போயிருக்க."

 அன்று மாலை முழுவதும் இருவரும் முட்டைகளின் இருபக்கமும் நின்றார்கள். கொம்பையா வரவில்லை. தூரத்தில் நின்று ஒருமுறை செருமினான். அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் சபை கூடியதும் வடிவு முதல் ஆளாக எழுந்தாள்.  

"ஐயா, நான் சொன்ன முகவரியை யார் வேணும்னாலும் சரிபார்க்கலாம்னு வழக்கம் இருக்குல்ல?"

"இருக்கு."

"இத்தனை வருசத்துல யாராவது சரிபார்த்திருக்காங்களா?"

நீதிபதி ஆமையைப் பார்த்தார். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"அப்போ இன்னைக்குச் சபையே வந்து சரிபார்க்கட்டும்."

வழக்கம் என்று சொன்னால் நீதிபதியால் மறுக்க முடியாது. சபை எழுந்தது. மான், முள்ளம்பன்றி, தவளைகள், நரி, கொம்பையா எல்லாரும் ஏரிக்குத் தெற்கே நடந்தார்கள்.

"எல்லாரும் திட்டுக்கு வெளியிலேயே நில்லுங்க" என்றாள் வடிவு.

எல்லாரும் நின்றார்கள். நீதிபதி மட்டும் நிற்கவில்லை. அவருக்கு யாரும் நில் என்று சொல்லிப் பழக்கமில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே நடந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார்.

"முட்டை எங்கேம்மா? எல்லாம் கல்லாத்தானே இருக்கு?"

"ஐயா, அசையாதீங்க! தூக்கின காலுக்கு நேர் கீழே இருக்கு."

நீதிபதி முன்னங்காலைத் தூக்கியபடி சிலையாக நின்றார். அசை போடுவதும் நின்றுபோனது. கீழே பார்த்தார். அந்த நான்கும் மற்றக் கற்களைப் போலவேதான் இருந்தன.

"பின்னால வெச்சுடவா?"

"உங்க பின்னாலயே முள்ளம்பன்றியும் வந்து நிக்கிறாருங்க."

"நான் சும்மா பார்க்க வந்தேன்" என்றது முள்ளம்பன்றி, வெட்கத்தோடு.

வடிவு இதையெல்லாம் திட்டமிடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் ஆமையை அழைத்தாள். ஆமை கற்களுக்கிடையே மெல்ல ஊர்ந்துவந்து, முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி நின்று, தன் முதுகு ஓட்டைக் கொடுத்தார். நீதிபதி குளம்பை அதன்மேல் வைத்தார். முட்டைகள் தப்பின. செல்லையா நிஜமாகவே நொண்டி விழுந்தான்.

"ஐயா, பாரத்தை முழுசா இறக்காம இருந்தா நல்லது" என்றார் ஆமை கீழிருந்து.

வடிவு நீதிபதியின் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, அந்தக் காலை இறக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுதுங்களா?"

"தெரியுதும்மா."

"இறக்கின பிறகு வந்து மனு கொடுக்கட்டுங்களா?"

நீதிபதியின் முகம் கறுத்தது. ஏற்கெனவே கறுப்புதான். ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்தது. இந்த முறை அவர் அசை போடவில்லை. ஒரு கால் ஆமைமேல் இருக்கும்போது யாருக்கும் அவ்வளவு நேரம் கிடையாது.

"எழுதிக்கோ" என்றார்.

"நான் எப்படிங்க எழுதுறது?" என்றார் ஆமை.

"மனசுல எழுதிக்கோ. இனிமே வழக்குப் பேசுறவங்க வீட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அவங்களையோ அவங்க வீட்டையோ சொல்லி மிரட்டுனா, மிரட்டுனதே குற்றம். மிதிக்கிற வரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டோம். வழக்கு நடக்கிற வரைக்கும் அவங்க வீட்டுக்குச் சபை காவல் நிக்கும்."

"என் மனு என்ன ஆச்சுங்க?" என்றான் நரி.

"வழக்கு முடியட்டும். பேசுறவ வாயை அடைக்க மனு போடுறதுக்கு இது இடம் இல்ல. அப்புறமும் உன் கட்சிக்காரனுக்குத் தூக்கம் வரலைன்னா பார்க்கலாம்."

கொம்பையா மெல்ல வடிவின் பக்கம் திரும்பினான்.

"எத்தனை நாளைக்குத் தங்கச்சி காவல் நிப்பாங்க? ஒருநாள் நீயும் தொண்டை கட்டி உட்காருவ."

வடிவு நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, கடைசியா ஒண்ணு பாக்கி இருக்கு. நான் உட்கார்ந்தா வழக்கு எதுக்குங்க உட்காரணும்? வழக்கு என்னோடதா, காட்டோடதா?"

"காட்டோடதுதான்" என்றார் நீதிபதி. "இவ பேச முடியலைன்னா இன்னொருத்தர் விட்ட இடத்துல இருந்து பேசுவாங்க. யாரு பேசுறீங்க?"

 முதலில் ஒரு தவளை கையைத் தூக்கியது. அடுத்து மான். சபைக்குப் பின்னாலேயே கிளைக்குக் கிளை தொற்றி வந்திருந்தவனின் குரல் மரத்தின் மேலிருந்து கேட்டது.

"எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துடுச்சுங்க" என்றான் உடும்பு.

கொம்பையா ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தான். இத்தனை வீட்டையும் தேடிப்பிடித்து மிதிப்பதென்றால் கிழங்கு தோண்ட நேரம் இருக்காது. மிதித்தாலும் வழக்கு நிற்காது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு மிரட்டுவது வீண்வேலை என்று தோன்றியது.

முள்ளம்பன்றி விலகியது. வடிவு வழி சொல்லச் சொல்ல நீதிபதி ஒவ்வொரு காலாக வெளியே எடுத்துவைத்தார். திட்டின் ஓரத்திலேயே விசாரணை நடந்தது. வடிவு விட்ட இடத்திலிருந்து கடைசிவரை பேசினாள். அன்று மாலையே தீர்ப்பு வந்தது. கரையை உடைத்த மூக்காலேயே கொம்பையா அதை அடைக்க வேண்டும். மிரட்டியதற்காகப் பக்கத்துக் குட்டையின் உடைந்த கரையையும் சேர்த்து அடைக்க வேண்டும்.

அடுத்த மழைக்கு ஏரி நிரம்பியது. நான்கு குஞ்சுகளும் பிறந்த அன்றே தண்ணீரைப் பார்த்துக் கத்தின. முயல் சபைக்கு வந்து, தனக்குத் தொண்டை சரியாகிவிட்டது என்றும், அடுத்த வழக்கைத் தானே பேசுவதாகவும் சொன்னான்.

குற்றத்தை எடுத்துச் சொல்பவர் பயமில்லாமல் வீடு திரும்ப முடிகிற இடத்தில்தான் நீதி நிலைக்கும்.