பனியில் இரண்டு கோடுகள்

“இனி இந்தப் பனியில் நான் வண்டியைத் தொட மாட்டேன், சிஸ்டர்” என்றாள் ஜெசிந்தா.

கனடாவின் வடக்கே, வீட்டுக்கு வீடு காத தூரம் விட்டுக் கிடக்கும் பண்ணைக்காடு. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் ஜெசிந்தாவுக்கு வேலை. அதே இல்லத்தில் ஊழியம் செய்த கன்னியாஸ்திரீ, சிஸ்டர் கொரற்றி. இருவருக்கும் ஊர் தூத்துக்குடி. வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் மனம் கலங்கினால் ஜெசிந்தா ஓடுவது சிஸ்டரிடம்தான்.

“பிள்ளை எங்கே?”

“அடுத்த ஊர்ல, பார்த்துக்கிடுற அம்மா வீட்ல. புட்டிப்பால் குடிக்க மாட்டேங்கான். இந்நேரம் அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும்.”

“அப்ப கிளம்பு.”

“போன வாரம் வண்டி சறுக்கிப் பள்ளத்துல இறங்கிச்சே! பிள்ளை பின்னாடி இருந்தான். ஸ்டியரிங்கைத் தொடவே பயமாக் கிடக்கு. நீங்க ஓட்டுங்களேன்.”

“எனக்கு சைக்கிளே வராது.”

சொல்லிவிட்டு சிஸ்டர் முன்சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

பனி கொட்டி ஓய்ந்திருந்தது. அதை ஒதுக்கும் வண்டி மறுநாள்தான் வரும்.

“எது ரோடு, எது பள்ளம்? எல்லாம் ஒரே வெள்ளையாக் கிடக்கே!”

சிஸ்டர் விரலை நீட்டினார்.

பனியில் இரண்டு கோடுகள். யாரோ முன்னால் வண்டி ஓட்டிப் போயிருந்தார்கள்.

ஜெசிந்தா சக்கரங்களை அந்தக் கோடுகளில் இறக்கினாள். தண்டவாளத்தில் ஏறியதுபோல் வண்டி நிதானப்பட்டது. மேட்டில் கோடுகள் ஒதுங்கிய இடத்தில் அவளும் ஒதுங்கினாள். பாலத்தருகே அவை நெளிந்திருந்தன. அடியில் கண்ணாடியாக ஐஸ். மெள்ளத் தாண்டினாள்.

“யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்.”

“யாருன்னே தெரியாம ஆசீர்வாதமா?”

“தெரிஞ்சா காலைத் தொட்டே கும்பிடுவேன், சிஸ்டர்.”

“இந்தக் குளிருக்கு அவன் பூட்ஸைக் கழற்ற மாட்டான்.”

ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

பாதி வழியில் கோடுகள் சட்டென்று வலப்பக்கம் திரும்பின. ஒரு பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றன. புகைபோக்கியில் புகை. சமையலறை ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம்.

“வீடு சேர்ந்துட்டாங்க. மாதாவே, உமக்குத் தோத்திரம்!”

அதற்குப் பிறகுதான் அவள் முன்னால் பார்த்தாள்.

வெள்ளை. ஒரு கீறல்கூட இல்லை.

பிரேக்கை மிதித்துவிட்டாள்.

“இனிமே தடம் இல்லை, சிஸ்டர். என்னால ஆகாது. ஜெபமாவது சொல்லுங்க.”

சிஸ்டர் ஜெபம் சொல்லவில்லை. கையை உயர்த்தி, உள்கண்ணாடியை அவள் பக்கமாகச் சற்றே திருப்பிவிட்டார்.

கண்ணாடியில் இரண்டு விளக்குகள். நெருங்கி வந்தன. பின்னால் வந்து நின்றன. ஹாரன் இல்லை, அவசரம் இல்லை.

“அவ்வளவு இடம் கிடக்கே! முந்திப் போகாம எதுக்கு நிக்கான்?”

“தடம் வேணுமே அவனுக்கு.”

ஜெசிந்தா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, ரோட்டோரக் கம்பம் ஒன்றின் நுனி பனிக்கு மேலே துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள். சற்றுத் தள்ளி இன்னொன்று.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.