அறுபது வண்டி மணல்

முன்னொரு காலத்தில், கோட்டைக்கு ஏழு வாசலும் ராஜாவுக்கு எழுபது ஆசையும் இருந்த ஒரு தேசத்தைச் செங்கோட மகாராஜா என்பவர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஓர் ஆசை மனதில் புகுந்துவிட்டால், அது நிறைவேறும்வரை அவருக்குச் சோறு இறங்காது. அந்த வருஷம் அவருக்கு வந்த ஆசை இது: பங்குனி விழாவில், உயர்ந்த மேடையிலிருந்து மணற்குழியில் குதிக்கும் தாவல் போட்டியில், அண்டை நாட்டுப் பிள்ளைகளைத் தம் பாடசாலைப் பிள்ளைகள் தோற்கடிக்க வேண்டும்.

தலைநகரில் முந்நூறு பிள்ளைகள் படிக்கும் பெரிய பாடசாலை ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கென்று இரண்டு பணப்பைகள் உண்டு. சடுகுடு, சிலம்பம், தாவல் எல்லாம் பார்க்க வரும் ஜனங்களிடம் தலைக்கு ஒரு காசு வாங்குவார்கள்; அது ஆட்டக் காசு. நாடக மன்றத்துப் பிள்ளைகள் கூத்துப் போட்டும், தோட்ட மன்றத்துப் பிள்ளைகள் கீரை விற்றும் சேர்ப்பது மன்றக் காசு. ஒன்றை ஒன்றோடு கலக்கக் கூடாது, இரண்டையும் பிள்ளைகளுக்கன்றி வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். இரண்டு பைகளும் பத்திரமாக இருக்கட்டும் என்று அரண்மனைப் பண்டாரத்தில் வைத்திருந்தார்கள். அதன் சாவி பண்டார அதிகாரி தனகோடியாரின் இடுப்பில் தொங்கியது.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சபைக்கு ஒரு செய்தி வந்தது. பாடசாலையின் முதல்தரமான தாவல்காரி பூங்காவனம், பழகும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டாள்.

ராஜாவின் முகம் சிவந்தது. "எப்படி முறிந்தது? குழியில் மணல் இல்லையா?"

தனகோடியார் எழுந்து கைகூப்பினார். "மகாராஜா, அறுபது வண்டி ஆற்றுமணல் வாங்கிப் போட்டதற்கு என்னிடம் ஓலை இருக்கிறது. இன்று குழியில் ஒரு பிடி மணல் இல்லை என்றால், களத்து ஆசான் மாசிலாமணி அதை விற்றுத் தின்றுவிட்டான் என்றுதான் பொருள்."

மாசிலாமணியை இழுத்துவந்து நிறுத்தினார்கள். பாவம், பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த மனுஷனுக்குச் சபையில் பேசத் தெரியவில்லை. "மணலே வரலீங்க சாமி. மூணு தரம் போய்க் கேட்டேன். காசு இல்லேன்னு தொரத்திட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

"ஓலை காட்டு!" என்றார் தனகோடியார். "என்னிடம் அறுபது ஓலை இருக்கிறது. உன்னிடம் ஒன்று இருக்கிறதா?"

சபையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த விகடகவி திருமேனிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பெயர்தான் திருமேனி, ஆள் முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டியதுபோல் இருப்பான். அவன் எழுந்து சொன்னான்: "மகாராஜா, வராத மணலுக்கு எங்கேயிருந்து ஓலை கொண்டுவருவார் ஆசான்? பொய் சொல்வது பண்டாரத்துக் கணக்கு என்று என் மனம் சொல்கிறது."

திருமேனியைக் கண்டாலே தனகோடியாருக்கு ஆகாது. ராஜா அவனோடு சிரிக்கும் சிரிப்பு ஒவ்வொன்றும் தம்மிடமிருந்து பிடுங்கியதாகவே அவருக்குத் தோன்றும். அவர் மெல்லச் சிரித்தார். "கணக்கு பொய் சொல்கிறதா? அப்படியானால் அந்தக் கணக்கே வாய் திறந்து, 'நான் பொய்' என்று சபையறியச் சொல்லட்டும். இவர்தான் மகா கெட்டிக்காரர் ஆயிற்றே, பேசவைக்கட்டும்!"

ராஜாவின் கண்கள் மின்னின. எழுபத்தோராவது ஆசை புகுந்துவிட்டது.

"ஆஹா! கணக்கு வாய் திறந்து பேசுவதை நாம் இதுவரை கேட்டதில்லையே! திருமேனி, மூன்று நாள் அவகாசம். கணக்கு பேசினால் ஆசான் விடுதலை. பேசாவிட்டால் ஆசானுக்கு நாற்பது கசையடியும் நாடுகடத்தலும். வாயாடிய உனக்கும் அதே."

திருமேனி நேரே பாடசாலைக்குப் போனான். குழியைப் பார்த்தான். அம்மிக்கல்லாவது தேய்ந்து வழவழப்பாக இருக்கும். இந்தத் தரை கூர்கற்களாகப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்துக் கூடத்தில், மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் பூங்காவனம். பதினாலு வயசுப் பெண்.

"வலிக்கிறதா, அம்மா?"

"கால் வலி ஆறிடும்யா" என்றாள் அவள். "ஆசானைத் திருடன்னு சொல்லிட்டாங்களே, அதான் ஆறலை. நான் தோட்ட மன்றத்துலயும் இருக்கேன். வருஷம் பூரா கீரை வித்து எழுநூத்து முப்பது காசு சேத்தோம். நானேதான் எண்ணி முடிஞ்சு பண்டாரத்துல கட்டினேன். செடிக்குத் தண்ணி இறைக்க ஒரு ஏத்தம் போடலாம்னு போன மாசம் போய்க் கேட்டா, காசே இல்லைன்னுட்டாங்க. வெயில்ல கூடை தூக்கினது நாங்க. எங்கய்யா போச்சு எங்க காசு?"

அதைக் கண்டுபிடிக்கத் திருமேனி நேரே அரண்மனைக்குத் திரும்பினான்.

ராஜாவின் அனுமதியோடு பண்டாரத்து ஓலைகளை வாங்கிவந்து உட்கார்ந்தான். ஓட்டக்காரப் பிள்ளைகளுக்குக் கொள்ளு, இருபது மூட்டை. பிள்ளைகள் எப்போது கொள்ளு தின்றார்கள்? தனகோடியாரின் வண்டிக் குதிரைகள்தான் கொழுத்துத் திரிந்தன. பாட்டு மன்றத்துக்கு வெள்ளிச் சங்கிலி, ஒரு ஜோடி. அதில் ஆடும் ஊஞ்சல் யார் வீட்டில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். சடுகுடுப் பிள்ளைகளுக்குத் தினம் பாலும் எள்ளுருண்டையும். தாவற்குழிக்கு ஆற்றுமணல் அறுபது வண்டி. ஆட்டக் காசு தீர்ந்ததும், தனகோடியார் மன்றக் காசில் கைவைத்து அதே கதையைத் தொடர்ந்திருந்தார். கடைசி ஓலையில் ஒரு வரி இருந்தது. அதைத் திருமேனி இரண்டு தரம் படித்தான். பிறகு அந்த ஓலையை மட்டும் தனியே எடுத்து மடியில் செருகிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை சபை கூடியதும் திருமேனி சொன்னான்: "மகாராஜா, கணக்கு பேசத் தயாராக இருக்கிறது. ஆனால் அதற்குச் சபை கூச்சம். பாடசாலைக் களத்துக்கு இப்போதே எல்லோரும் வர வேண்டும்." முன்னாடியே சொல்லியிருந்தால் விடிவதற்குள் குழி நிறைய மணல் வந்து இறங்கியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

களத்தில் விழாவுக்கென்று முன்பே பட்டுப் பந்தல் போட்டிருந்தது. ராஜா அதன் நிழலில் அமர்ந்தார். மந்திரிகள் ஒருபுறம், பிள்ளைகள் மறுபுறம். நடுவில் மாசிலாமணி ஆசான் குனிந்த தலையோடு நின்றார். ஒன்றரை ஆள் உயரத்தில் தாவல் மேடை. அதில் ஓர் ஏணி சாத்தியிருந்தது. அதன் அடியில் குழி.

"மகாராஜா, பேசப்போகிறவரை நாம் முதலில் மதிக்க வேண்டாமா?" என்றான் திருமேனி. "ஆகவே இன்று உச்சிப்பொழுதுவரை, கணக்கில் உள்ளது எல்லாம் உண்டு, கணக்கில் இல்லாதது எதுவும் இல்லை. இதற்குத் தங்கள் ஆணை வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "தனகோடியாரே, உமக்குச் சம்மதம்தானே?"

"என் கணக்கை மதிப்பதில் எனக்கென்ன தடை, மகாராஜா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் தனகோடியார்.

திருமேனி ஒரு காலிக் குவளையையும் காலித் தட்டையும் கொண்டுவந்து அவர்முன் நீட்டினான். "கணக்குப்படி பாலும் எள்ளுருண்டையும். பிள்ளைகள் தினமும் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பிடுங்கள்."

தனகோடியார் குவளைக்குள் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார். ஆணை ஆணைதான். குவளையைத் தூக்கிக் கவிழ்த்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பால்" என்றார். பிள்ளைகள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ராஜாவின் புருவமும் உயர்ந்தது.

"தெம்பு வந்துவிட்டதல்லவா? இனி மேடை ஏறுங்கள்."

தனகோடியார் ஏணியைப் பிடித்துத் தொந்தியைச் சுமந்துகொண்டு மேலே போனார். ஏறி நின்றாரோ இல்லையோ, திருமேனி ஏணியை எடுத்துவிட்டான்.

"அடே! ஏணியை ஏன் எடுக்கிறாய்?"

"இது ஆசான் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட ஏணி, ஐயா. கணக்கில் ஏணி கிடையாது. கணக்கில் இல்லாதது இன்று இல்லை. ஆனால் அறுபது வண்டி ஆற்றுமணல் உண்டு. தாராளமாகக் குதியுங்கள்."

தனகோடியார் கீழே எட்டிப்பார்த்தார். கற்கள் மேலே பார்த்தன.

"மகாராஜா, எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது…"

"அவளுக்குப் பதினாலு வயசு!" திருமேனி கத்தினான். அந்தக் குரலைச் சபையில் யாரும் கேட்டதில்லை. அவன் கை பூங்காவனத்தைக் காட்டியது. "இதே இடத்திலிருந்து, உங்கள் கணக்கில் உள்ள இதே மணலில்தான் குதித்தாள். அவள் குதித்தபோது நீங்கள் குதித்தால் என்ன? குதியுங்கள், ஐயா!"

"குதியும், தனகோடியாரே" என்றார் ராஜா. "நம் ஆணை."

இரண்டு காவலர்கள் மேடையின் பின்புறம் தொற்றி ஏறத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். மேடைப் பலகையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தனகோடியார் அலறினார்.

"ஐயோ மகாராஜா, வேண்டாம்! கீழே மணல் இல்லை! ஒரு வண்டிகூட வாங்கவில்லை! வெறும் கல்! விழுந்தால் செத்துப்போவேன்! ஆசான் மேல் குற்றமில்லை, நான்தான் பொய் எழுதினேன்!"

திருமேனி ராஜாவின் பக்கம் திரும்பி வணங்கினான். "மகாராஜா, ஓலைக்கு வாய் இல்லை. அதற்கு ஒரே வாய், அதை எழுதியவருடைய வாய்தான். அது திறந்துவிட்டது. கணக்கு பேசிவிட்டது."

ராஜா சிரிக்க வாயைத் திறந்தார். திருமேனி கையை உயர்த்தினான்.

"சற்றுப் பொறுங்கள், மகாராஜா. கடைசி ஓலை இன்னும் பேசவில்லை. 'தோட்ட மன்றக் காசு எழுநூற்று முப்பது: மகாராஜா விளையாட்டுப் பார்க்க நிழலுக்குப் பட்டுப் பந்தல்.' தலையை உயர்த்திப் பாருங்கள். இந்தப் பிள்ளைகள் வெயிலில் கூடை சுமந்து விற்ற கீரையின் நிழலில்தான் தாங்கள் அமர்ந்திருக்கிறீர்கள்."

ராஜாவிடம் இப்படிப் பேசியவன் தலை கழுத்தில் தங்குமா என்று மந்திரிகள் பயந்தார்கள். திருமேனிக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவன் விரும்பவில்லை.

ராஜா மேலே பார்த்தார். பிறகு எழுந்து, பந்தலைவிட்டு வெளியே வந்து, வெயிலில் நின்றார்.

"ஆசானே, உம்மைத் திருடன் என்று நிறுத்திய சபைக்கு நாமே தலைவர். எம்மை மன்னியும்" என்றார். மாசிலாமணி தலைப்பாகைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். ராஜா பூங்காவனத்திடம் போனார். "குழந்தாய், உனக்கு என்ன வேண்டும்?"

"எழுநூத்து முப்பது காசுங்க" என்றாள் அவள். "கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

அந்த இடத்திலேயே அரண்மனைப் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தார்கள். அவள் இன்னொரு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முடிந்துகொண்டாள். ஆட்டக் காசும் மற்ற மன்றக் காசும், தனகோடியாரின் குதிரைகளையும் ஊஞ்சலையும் விற்றதில் திரும்பி வந்தன. இனிமேல் மாதாமாதம் பௌர்ணமியன்று இரண்டு பைகளின் வரவும் செலவும் பாடசாலைச் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதப்பட வேண்டும், எந்தப் பிள்ளையும் எந்த வரியையும் கேள்வி கேட்கலாம் என்று பறையடித்து அறிவித்தார்கள். அந்த வருஷம் அண்டை நாட்டுப் பிள்ளைகளே ஜெயித்தார்கள். பூங்காவனத்தின் கால் எலும்பு ஒன்றுசேர ஒன்பது மாதம் பிடித்தது. ராஜாவின் ஆசைக்காக எலும்பு அவசரப்படுமா?

அந்த எழுநூற்று முப்பது தவிர மற்றதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குக் களத்தில், மேடைமேலிருந்து ஓர் ஈனக் குரல் கேட்டது.

"மகாராஜா… நான் இறங்கலாமா?"

"தாராளமாக" என்றான் திருமேனி. "அறுபது வண்டி மணலைத் தாங்களே ஆற்றிலிருந்து கூடை கூடையாக அள்ளிவந்து கொட்டிய பிறகு மெத்தென்று குதிக்கலாம். ஆனால் அள்ளுவதற்குக் கீழே இறங்க வேண்டும். இறங்குவதற்கு மணல் வேண்டும். மகாராஜா, இது மிகவும் சிக்கலான கணக்கு."

ராஜாவுக்கு அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் பீறிட்டது. கிரீடம் சாய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். மாசிலாமணி ஆசான்கூடச் சிரித்தபடி ஏணியைக் கொண்டுபோய்ச் சாத்தினார். தனகோடியார் இறங்கினார், அன்று மாலையே தலையில் கூடையோடு ஆற்றுக்குப் போனார்.

ராஜா நூறு பொன் அடங்கிய முடிப்பைத் திருமேனியிடம் நீட்டினார். "வாங்கிக்கொள், உன் சன்மானம்!"

திருமேனி கையை நீட்டவில்லை. முடிப்பை ஒரு தரம் சுற்றிப் பார்த்தான்.

"மகாராஜா, இது எந்தப் பையிலிருந்து வருகிறது?"

"என் சொந்தப் பையடா, படுபாவி!" என்று சொல்லி மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார் ராஜா. அப்புறம்தான் திருமேனி அதை வாங்கிக்கொண்டான்.