வைஃபை திருடனின் பெயர்

"டீச்சர், என்னால கண்ணை மூடி உக்கார முடியல."

பாளையங்கோட்டையில் ஒரு மாடி ஹாலில் வேதவல்லி தியான வகுப்பு நடத்திவந்தார். பூதலிங்கம் அவரைவிட வயதில் மூத்தவன். மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனபிறகும் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"கண்ணை மூடினா என்ன தெரியுது?"

"ரவுட்டர்."

வேதவல்லி சிரிக்கவில்லை.

"சொல்லுங்க."

"ஆபீஸ் விட்டு வந்ததும் டிவில கேம் போட்டு, ரெண்டு கையாலயும் கேம் ரிமோட்டைப் பிடிச்சு ஃபுட்பால் ஆடுவேன். ஆன்லைன்ல. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். இப்போ நெட் இழுத்துக்கிட்டே இருக்கு. கோல் போட ஓடுறேன், ஆள் அப்படியே நிக்கான். மறுபடி அசையும்போது பந்து எதிராளி கால்ல இருக்கு. ஹெட்போன்ல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்காங்க."

"என்ன செஞ்சு பாத்தீங்க?"

"அணைச்சுப் போட்டேன். ஃபிரிட்ஜ் மேல இருந்ததை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். நீள வயர் வாங்கி நேராவே சொருகினேன். கம்பெனிக்காரரை வரவச்சுக் கத்தினேன். லைன்ல கோளாறு இல்லைன்னுட்டாரு."

"அப்போ?"

"யாரோ நடுவுல இருந்து இழுக்காங்க."

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் தங்கச்சியும்தான். அவளுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. அவளுக்கு எதுக்கு நெட்டு?"

வேதவல்லி அவனைப் பார்த்தார்.

"யாருன்னு பாத்துட்டு வாங்க."

*

அடுத்த வாரம் பூதலிங்கம் முதல் ஆளாக வந்தான். முகம் தெளிந்திருந்தது.

"பிடிச்சிட்டேன் டீச்சர். ரவுட்டர்ல எந்தெந்தப் போன் ஓடுதுன்னு பாக்கலாம்ல, பாத்தேன். என் போன் இருக்கு, கேம் பெட்டி இருக்கு, தெரியாத போன் ஒண்ணும் இருக்கு. சாயங்காலம் ஆனா அதுதான் மொத்தத்தையும் குடிக்குது. பிளாக் பண்ணிட்டேன்."

"இப்போ?"

"வெண்ணெய் மாதிரி ஓடுது!"

"யாரை வெளியே தள்ளினீங்க?"

"திருடனை."

"பேர் என்ன?"

"திருடன்கிட்ட யாராவது பேர் கேப்பாங்களா டீச்சர்?"

"கேட்டுட்டு வாங்க."

*

மாடி வீட்டு காட்வின்தான் என்று பூதலிங்கம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். அன்று சாயங்காலம் படியேறிப் போய்க் கதவைத் தட்டினான்.

"என் வைஃபையை எத்தனை நாளா யூஸ் பண்றீங்க?"

காட்வின் முதலில் விழித்தார். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டார். உள்ளே சுவரில் அவருடைய ரவுட்டர் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"எங்களுக்குத் தனி கனெக்‌ஷன் அண்ணாச்சி."

பூதலிங்கம் படியிறங்கத் திரும்பினான்.

"அண்ணாச்சி, நானே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார் காட்வின். "கொஞ்ச நாளா உங்க தங்கச்சியை மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புல பாக்கேன். சாயங்காலமானா அங்கதான் நிக்காங்க. வீட்டுல எதுவும் பிரச்சினையா?"

"பஸ் ஸ்டாப்புலயா? அவ வீட்டுலதானே இருக்கா?"

சொல்லிக்கொண்டே கீழே இறங்கி வந்து பார்த்தான். அவள் அறையில் விளக்கு எரியவில்லை. செருப்பும் இல்லை.

அவள் எத்தனை மணிக்குப் போவாள், எத்தனை மணிக்கு வருவாள் என்று அவனுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அவன் முதுகு எப்போதும் அவள் அறைப் பக்கம் இருக்கும்.

*

அவள் பெயர் குழல்வாய்மொழி. காது கேட்காது என்று தெரிவதற்கு முன்னால் வைத்த பெயர்.

பூதலிங்கம் போனபோது, பஸ் ஸ்டாப்பின் சிமெண்ட் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலை முட்டுக்கொடுத்துப் போனை நிறுத்தியிருந்தாள். திரையில் நான்கு கட்டங்கள், நான்கு பெண்கள். எல்லோருடைய கைகளும் அசைந்துகொண்டிருந்தன. இவள் கைகளும்.

வீட்டுக்குள் செல்போன் டவர் எடுக்காது. அதற்காகத்தான் பூதலிங்கம் வைஃபையே போட்டான்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவள் கையசைப்பைப் போலவே செய்து பக்கத்தில் இருந்தவரைச் சிரிக்கவைத்தார்.

பூதலிங்கம் அவரை அதட்ட வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான். அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்?

அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒரு தோழி என்னவோ சொல்ல, இவள் தோளைக் குலுக்கிச் சிரித்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரு தோழியைக் கோபித்தாள். இன்னொருத்திக்காகப் பரிந்துபேசுவதுபோல் இருந்தது. அந்தக் கைகள் வேகமாகவும் நயமாகவும் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டே போயின.

அவனுக்குத் தெரிந்தவை மூன்றுதான். சாப்பிட வா. கதவைச் சாத்து. மோட்டாரைப் போடு.

இவ்வளவு பேசுகிறவளா இவள்?

போனைப் பார்த்தான். புதுப் போன். தான் கொடுத்த, கீறல் விழுந்த பழைய போனைத்தான் அவள் இன்னும் வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தான்.

அவள் நிமிர்ந்தபோது அண்ணன் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

கைகள் சட்டென்று விழுந்தன. தோழிகளிடம் விடைபெறக்கூட இல்லை. போனை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், திருடிய பொருளை மறைப்பதுபோல. பிறகு அவனைப் பார்த்து, தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூதலிங்கம் தலைகுனிந்தான்.

இருவரும் முன்னும் பின்னுமாக வீட்டுக்கு நடந்தார்கள். பின்னால் வந்தது அவன்.

*

அடுத்த வகுப்பில் அவன் கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தான். எல்லோரும் போனபிறகும் எழுந்து முன்னால் வரவில்லை. வேதவல்லிதான் அவனிடம் வந்தார்.

"நெட் எப்படி இருக்கு?"

"பிளாக்கை எடுத்துட்டேன்."

"பேர் கேட்டீங்களா?"

அவன் பாயின் ஓரத்தைப் பிய்த்தான்.

"குழல்வாய்மொழி."

"யார் அது?"

"என் தங்கச்சி."

"அது நீங்க கூப்பிடுற பேர். அவங்க காதுல ஒருநாளும் விழாத பேர். அவங்க தோழிங்க அவங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

பூதலிங்கம் நிமிர்ந்து பார்த்தான்.

"தெரியாது டீச்சர்."

"எத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கீங்க?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் என்ன செய்யணும் டீச்சர்? எனக்கு ஏதாவது சொல்லுங்க."

வேதவல்லி வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டி வாசலைக் காட்டினார்.

*

வீட்டில் குழல்வாய்மொழி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அடுக்களைக்குள் வந்ததும் தட்டை எடுத்து நீட்டினாள்.

அவன் தட்டை வாங்கிக் கீழே வைத்தான். அடுப்பை அணைத்தான். தன் போனில் எழுதி அவளிடம் காட்டினான்.

"உன் கூட்டாளிங்க உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவள் படித்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

பிறகு ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து மெல்லத் திருகினாள். சிரித்தால் அங்கே குழி விழும்.

அவனும் செய்து பார்த்தான். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவன் விரலைப் பிடித்து, கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தாள். மறுபடியும் தவறு. அவளே திருகிக் காட்டினாள். நான்காவது ஐந்தாவது தடவையில்தான் வந்தது. அவளுக்குக் கன்னத்தில் குழி விழுந்தது.

அவன் இன்னொன்று எழுதினான்.

"எனக்குப் பேர் இருக்கா?"

அவள் சிரிப்பு நின்றது. அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பினாள். அவன் அவள் தோளைத் தொட்டான். போனை மறுபடியும் காட்டினான்.

அவள் தயங்கித் தயங்கி இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கினாள். எதையோ பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கினாள். கட்டைவிரல்கள் இரண்டும் வேகவேகமாக அசைந்தன. கண்கள் அவனைத் தாண்டி, பின்னால் இருந்த சுவரில் குத்திட்டு நின்றன. அந்த முகத்தில் யாரையும் தெரிந்த அடையாளமே இல்லை.

பிறகு கைகளைக் கீழே போட்டுவிட்டு, அவனைச் சுட்டிக் காட்டினாள்.

பூதலிங்கம் கைகளைத் தூக்கினான். விரல்களை மடக்கினான். கட்டைவிரல்களை அசைத்தான். சுவரைப் பார்த்தான்.

முதல் தடவையிலேயே சரியாக வந்தது.