கரடி மேஸ்திரியின் தோரண வாசல்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், வருடத்துக்கு ஒருமுறை திமில் பிடிக்கும் விளையாட்டு நடக்கும். ஒடுக்கமான ஒரு பட்டிக்குள் காட்டெருமையை நிறுத்திக் கதவைத் திறந்துவிடுவார்கள். அது பாய்ந்து வரும்போது குரங்குகள் தாவி அதன் திமிலைப் பிடித்துத் தொங்க வேண்டும்.

அந்த வருடம் புதுப் பட்டி கட்டும் வேலை கரடி மேஸ்திரிக்குக் கிடைத்தது. அதற்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. கதவின் தாழ்ப்பாளை இழுக்கும் வேலை கீரிக்கு வந்தது. கீரி எதையும் நாலு தரம் பார்த்த பிறகே நம்பும். இந்தத் தடவை அதன் உயிரே அதில் இருந்தது. கதவை ஒட்டிய கழியின் மேல்தான் அது உட்கார வேண்டும். உள்ளே காட்டெருமை மிரண்டு முட்டினால், கழியோடு கீரியும் கூழாகிவிடும்.

விளையாட்டு நாள் காலையில் கீரி பட்டியைச் சுற்றி வந்தது. மூங்கில்கள் வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தன; கதவுக்கு முன்னால் தோரணம் தொங்கியது. உள்பக்கம் முழுக்க ஊசிபோல் குத்தும் சிலாம்பு.

"அண்ணே, கதவு உள்பக்கமாகத் திறக்கிறதே?" என்று கரடியிடம் கேட்டது.

"வெளியே திறந்தால் தோரணம் அறுந்து போகாதா? மூன்று நாள் உட்கார்ந்து கட்டியது!"

"உள்ளே காட்டெருமை நிற்குமே, அண்ணே. கதவு எங்கே போகும்?"

"அது கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்ளும்."

"காட்டெருமையா? பின்னாலா?"

"கட்டியவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? போய் உன் வேலையைப் பார்!"

இவரிடம் வாதாடிப் பயனில்லை என்று கீரிக்குப் புரிந்துவிட்டது. உடனே குரலில் தேனைத் தடவிக்கொண்டது.

"காடே உங்கள் கைவேலையைத்தான் பேசுகிறது, அண்ணே. நீங்களே ஒரு தரம் உள்ளே நின்று காட்டினால், குரங்குகள் வாயைப் பிளந்துவிடும்."

கரடிக்கு உச்சி குளிர்ந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்வழியாகப் பட்டிக்குள் நுழைந்தது. கீரி பின்பக்கம் குறுக்குக் கட்டையைப் போட்டுவிட்டு, ஓடிவந்து கழியில் ஏறித் தாழ்ப்பாளை இழுத்தது.

"திறந்தாயிற்று! பாய்ந்து வாருங்கள், அண்ணே!"

கரடி பாய்ந்தது. கதவு அசையவில்லை. உள்பக்கமாக இழுத்துப் பார்த்தது. அது தொப்பையில் வந்து இடித்து நின்றது. பின்வாங்கினால் கட்டை தடுத்தது. உடம்பைத் திருப்பவும் இடமில்லை.

"ஐயோ, விலாவெல்லாம் குத்துகிறதே!"

அந்த நேரம் பார்த்துக் காட்டெருமை வந்து சேர்ந்தது. கீரி இதை எதிர்பார்க்கவே இல்லை. காட்டெருமைக்குக் காத்திருந்து பழக்கமில்லை.

"யாரது என் இடத்தில்? போகிறாயா, முட்டித் தள்ளட்டுமா?" என்று கரடியின் முதுகுக்குப் பின்னால் மூச்சை விட்டது.

"தம்பி, கீரித் தம்பி! கதவை வெளிப்பக்கமாகச் சாய்த்துவிடு!"

"தோரணம் போய்விடுமே, அண்ணே?"

"நாசமாய்ப் போகட்டும் தோரணம்! என் உயிர் போகிறது!"

கீரி கழியை விட்டு ஓடவில்லை. கதவைக் கட்டியிருந்த கொடிகளை ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தது. கதவு தடாலென்று வெளியே விழுந்தது. கழுத்தில் தோரணத்தோடு கரடி வெளியே பாய்ந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது என்று நினைத்து, மூன்று குரங்குகள் அதன் முதுகில் தொற்றிக்கொண்டன!

கரடி அவற்றை உதறிவிட்டு நேராகப் போய் உளியை எடுத்தது. உள்பக்கச் சிலாம்புகளை ஒன்று விடாமல் சீவியது. கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றிக் கட்டியது. மறுபடி உள்ளே போய் நின்று, இரண்டு தரம் பாய்ந்து பார்த்தது. பிறகுதான் காட்டெருமையை விட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் அது புயலாகப் பாய்ந்தது. கீரி கழியின் மேல் உட்கார்ந்தபடியே ஆட்டத்தைக் கடைசி வரை பார்த்தது.

நீதி: பிறர் நிற்கப்போகும் இடத்தைக் கட்டுகிறவன், முதலில் தானே அதில் நின்று பார்க்க வேண்டும்.