கேட்டுக்கு வெளியே நின்ற விசில்

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததல்ல. பஸ் டெப்போ கேன்டீனில் டீ ஆற்றுகிறவர் சொன்னார். அவருக்கு ஒரு மெக்கானிக் சொன்னாராம். வழியில் யார் யார் எதைச் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னால் சரிபார்க்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு டவுனில் ஒரு பித்தளை விசில் இருந்தது. சோலைமலை என்ற கண்டக்டரின் சட்டைப் பைதான் அதற்கு வீடு. இருபத்தாறு வருஷம் ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸில் அது வேலை பார்த்தது. அதற்குத் தெரிந்த சொற்கள் இரண்டே இரண்டு. ஒரு தடவை ஊதினால் நில். இரண்டு தடவை ஊதினால் போ. அதையும் சோலைமலை மூச்சுக் கொடுத்தால்தான் சொல்ல முடியும்.

அந்த இரண்டு சொல்லுக்கும் கட்டுப்பட்டவர் டிரைவர் நாகூர் பிச்சை. சோலைமலை அவரை மாமா என்பார். அவர் இவரை மாப்ளே என்பார். கிளட்சை மிதித்து மிதித்து நாகூர் பிச்சைக்கு இடது முட்டி போய்விட்டது. மடக்கினால் உயிர் போகும். டிரிப் முடிந்ததும் சோலைமலை தோள் கொடுத்துத்தான் அவரை சீட்டிலிருந்து இறக்குவார்.

"என்ன மாமா, கல்யாணப் பொண்ணு பல்லக்குல இருந்து இறங்குற மாதிரி இறங்குறீரு?"

"சிரிடா மாப்ளே, சிரி. ரிட்டயர் ஆகட்டும். எனக்கு ஒரே வேலைதான். காலை நீட்டிப் படுக்கணும். எவன் விசில் ஊதினாலும் எந்திரிக்க மாட்டேன்."

"நான் ஊதினாலுமா?"

"நீ ஊதினா யோசிக்கிறேன்."

இருவரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றார்கள். சோலைமலையின் பையில் விசில் மட்டும் அப்படியே இருந்தது. எட்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில், நாகூர் பிச்சை இறந்து போனார்.

சோலைமலை ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். பெருநாள் சேமியாவும் பொங்கல் கரும்பும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எத்தனையோ முறை போய்வந்திருக்கின்றன. ஆனால் அந்த வீட்டுச் சாவுக்கு அவர் போனதே இல்லை. நாகூர் பிச்சையின் அம்மா இறந்த அன்றுகூட, பஸ் நிற்கக் கூடாதென்று சோலைமலை டூட்டியில் இருந்துவிட்டார்.

"எங்கே போகிறோம்?" என்று மாலை கேட்டது. அது அன்று காலைதான் கட்டப்பட்டது.

"என் டிரைவரை வழியனுப்ப" என்றது விசில். "கடைசியாக இரண்டு தடவை ஊதினால் போதும் எனக்கு."

பொருள்கள் பேசினால் பொருள்களுக்குக் கேட்கும், மனிதர்களுக்குக் கேட்காது. ஆனால் அந்த டவுனில் ஊர்ப்பேச்சு என்று ஒன்று இருந்தது. அதற்குக் காலும் இல்லை, வீடும் இல்லை. ஆனாலும் யார் வாயை வேண்டுமானாலும் இரவல் வாங்கிக்கொள்ளும். அதனால் அது சொன்னால் மட்டும் மனிதர்களுக்கு நன்றாகக் கேட்டது.

தெருமுனை டீக்கடையில் அது பழைய செக்கர் குருவையாவின் வாயில் உட்கார்ந்திருந்தது.

"ஏண்ணே சோலைமலை, மாலையா கொண்டு போறீக? அவங்களுக்குப் பூவே ஆகாதுல்ல? மேல பூ போட்டா சண்டைக்கு வந்துருவாக."

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றதுதான்."

சோலைமலை மாலையைப் பார்த்தார். தன்னால் அந்த வீட்டில் இன்று ஒரு சங்கடம் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் நினைப்பு. பூட்டியிருந்த ஒரு கடையின் ஷட்டர் கொக்கியில் மாலையைப் பதமாக மாட்டினார்.

"என்னை ஏன் விட்டுவிட்டுப் போகிறார்?" என்று மாலை கேட்டது.

"மரியாதைக்காக" என்றது விசில்.

இறந்த வீட்டுக்கு எதிரே ஒரு மினி லாரி நின்றது. அதன் மறைவில் போய் நின்றார் சோலைமலை. பக்கத்து மளிகைக்கடை வெயிலுமுத்து மெதுவாக அருகில் வந்தார். ஊர்ப்பேச்சு அதற்குள் அவர் வாய்க்கு மாறியிருந்தது.

"உள்ள போயிராதீகண்ணே. குளிப்பாட்டிட்டா அப்புறம் வெளியாளுக்கு மொகத்தைக் காட்ட மாட்டாகளாம்."

அதே நேரம் நாகூர் பிச்சையின் மகன் ஜபருல்லா வாசலுக்கு ஓடிவந்து இரண்டு பக்கமும் பார்த்து, அங்கே நின்றவர்களிடம் கேட்டான். லாரிக்குப் பின்னால் நின்ற சோலைமலைக்கு அது எட்டவில்லை.

"கண்டக்டர் மாமா வந்துட்டாகளா? அத்தா மொகத்தை மூடப் போறாங்க. அவுக ஒருதரம் பாத்துரட்டும்."

ஊர்ப்பேச்சு ஒரே தாவலில் தெருவைக் கடந்து, ஜபருல்லாவின் பெரியப்பா வாயில் ஏறிக்கொண்டது. அதற்கு இந்த மதம், அந்த மதம் என்றெல்லாம் இல்லை.

"விடு ஜபரு. சாவு வீட்டுக்குள்ள வந்தா அவங்களுக்குத் தீட்டு. அதுலயும் நம்ம வீட்டுக்குள்ளன்னா அவங்காளுக என்ன சொல்லுவாக? கூப்பிட்டு அந்த மனுசனைச் சங்கடப்படுத்தாத."

ஜபருல்லா படியிலேயே நின்றான். பிறகு உள்ளே திரும்பிப் போனான். நாகூர் பிச்சையின் முகத்தை மூடினார்கள்.

"ஊதுங்கள்!" என்று விசில் பைக்குள் துடித்தது. "ஒரே ஒரு தடவை. நில் என்று நான் சொல்லிவிடுகிறேன்."

சோலைமலை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஊர்வலம் புறப்பட்டது. சோலைமலை, மாலையை மாட்டிய கடையோரம் வந்து நின்றிருந்தார். இறந்தவரைச் சுமந்து போகும் பெட்டியை அங்கே சந்தூக் என்பார்கள். அது பள்ளிவாசலுக்குச் சொந்தம். பணக்காரனும் ஏழையும் அதே பெட்டியில்தான் போவார்கள். அடக்கம் முடிந்ததும் அது வெறுமையாகத் திரும்பி வரும். பத்தடிக்கு ஒருமுறை தோள் மாறும். ஒருவர் விலக, இன்னொருவர் நுழைவார். வருகிறவர் யாரென்று அங்கே எவரும் கேட்பதில்லை.

ஷட்டரில் தொங்கிய மாலை, சந்தூக்கின் மேல் கிடந்ததைப் பார்த்தது. மேலே முழுக்க மல்லிகைச் சரம்.

"விசிலே, அதெல்லாம் பூ இல்லையா?" என்று அது கேட்டது.

சந்தூக் சோலைமலையின் பக்கமாகவே வந்தது. இடது பின்பக்கத்துக் கட்டையைத் தாங்கியவருக்கு மூச்சு வாங்கியது.

"இங்கே ஆள் மாற வேண்டும்" என்றது சந்தூக். "உன் ஆளை வரச் சொல்."

"அவருக்கு நம் பேச்சு கேட்காது. அவர் வேறு மதம். பரவாயில்லையா?"

"நான் மரம். எனக்குத் தோளின் உயரம் தெரியும். வேறொன்றும் தெரியாது."

சோலைமலையின் கை தானாக எழுந்தது. டிரிப் முடிந்து சீட்டுப் பக்கம் நீளுமே, அதே கை. ஒரு அடி முன்னால் வைத்தார். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"மத்தவங்க தொட்டா திரும்பக் குளிப்பாட்டணுமாமே."

கை இறங்கியது. வேறொரு தோள் கட்டைக்கடியில் நுழைந்தது. சந்தூக் போய்விட்டது.

அடக்கம் செய்யும் இடத்தை மையவாடி என்பார்கள். அதற்கு நீல நிறத்தில் ஒரு இரும்புக் கேட்டு. ஒரு கதவு எப்போதும் திறந்தே இருக்கும். எல்லோரும் உள்ளே போனார்கள். சோலைமலை வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்.

"உள்ளே வரச் சொல்" என்றது கேட்டு. "எனக்குப் பூட்டே கிடையாது. ஆடெல்லாம் வந்து மேய்கிறது."

"உள்ளே என்ன நடக்கிறது?" என்று விசில் கேட்டது.

"இங்கிருந்து எனக்கு முதுகுகள்தான் தெரிகின்றன. நாற்பது அடி நடந்து வந்தால் பார்த்துவிடலாம்."

மரத்தடியில் ஒரு ஆட்டோக்காரர் நின்றிருந்தார். ஊர்ப்பேச்சு அவர் வாயில் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தது.

"குழி எவ்வளவு ஆழம் பாத்தீகளா? உக்கார வச்சுத்தான் பொதைப்பாக."

சோலைமலை திரும்பினார். "உக்கார வச்சா?"

"ஆமாண்ணே. முட்டியை மடக்கி."

"மாமாவுக்கு முட்டி மடங்காதேப்பா."

"செத்தவருக்கு என்னண்ணே வலி? மடங்கலைன்னா ஒடிச்சு மடக்கிருவாக."

சோலைமலையின் முகம் சாம்பலாகிவிட்டது. கை பைக்குள் போனது. விசில் உதட்டுக்கு வந்தது. அது உள்ளுக்குள் கெஞ்சியது.

'இப்போது ஊதுங்கள். ஒரு தடவை. எல்லோரும் திரும்புவார்கள். ஜபருல்லா ஓடி வருவான். நீங்கள் கேட்கலாம், அவன் சொல்லலாம். நில் என்று சொல்லத்தானே என்னைச் செய்தார்கள்?'

சோலைமலை மூச்சை இழுத்தார். உள்ளே ஓதும் குரல் கேட்டது. அடுத்தவர் காரியத்துக்கு நடுவில் சத்தம் போடலாமா என்று ஒரு கணம் தயங்கினார். இழுத்த மூச்சு அழுகையாக உடைந்து வெளியே வந்தது. விசிலுக்குள் இருந்த சின்ன உருண்டை ஒரு தரம் புரண்டது. சத்தம் வரவில்லை. விசில் நனைந்தது, அவ்வளவுதான்.

உள்ளே மண் விழும் ஓசை கேட்டது. ஆளுக்கு மூன்று கைப்பிடி.

கூட்டம் வெளியே வந்தது. ஜபருல்லா அவரைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தான். கட்டிப்பிடிக்கத்தான் வந்தான். பெரியப்பா சொன்ன தீட்டு நினைவுக்கு வந்ததும் ஒரு அடி தள்ளி நின்றுவிட்டான்.

"எங்க மாமா போயிட்டீக? தேடினேன்."

"இங்கதான்பா. இங்கதான் நின்னேன்."

'மாமாவை எப்படி வச்சீங்க?' என்று கேட்க வாயெடுத்தார். பெற்ற தகப்பனைப் புதைத்துவிட்டு வருகிறவனிடம் அதை எப்படிக் கேட்பது?

"வரட்டாப்பா" என்றார்.

"சரி மாமா."

இருவருக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு அடி இடத்தில் ஊர்ப்பேச்சு சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்கு அவ்வளவு இடம் போதும். கொக்கியில் இருந்த மாலையை வழியில் ஒரு மாடு தின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து சோலைமலை கட்டிலில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

"இதென்ன கூத்து? காலை நீட்டிப் படுங்களேன்" என்றாள் மனைவி ஒச்சம்மா.

"மாமா உக்காந்திருக்காருடி."

"யாரு?"

அவர் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த பங்குனியில், சுவரில் சாய்ந்தபடியே அவரும் போய்ச் சேர்ந்தார். ஒச்சம்மா விசிலைச் சட்டைப் பித்தான்கள் போடும் டப்பாவில் போட்டு மூடினாள். உள்ளே அது இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. மூச்சுக் கொடுக்க ஆளில்லை.

கதை கேட்ட மறுவாரம் நான் ஒரு மையவாடிக்குப் போனேன். கேட்டு திறந்திருந்தது, யாரும் தடுக்கவில்லை. குழி வெட்டுகிறவரிடம் கேட்டேன். பிறகு பள்ளிவாசல் இமாமிடமும் கேட்டேன். இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

உட்கார வைப்பதில்லை. படுக்க வைத்துத்தான் அடக்குகிறார்கள். வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் மக்காவின் திசையைப் பார்க்க, காலை நீட்டி.