கொடுக்காப்புளியார் குடும்பத்து மண்புழு ஆராய்ச்சி

சாம்பலூரில் கொடுக்காப்புளியார் குடும்பத்தை அறியாதவர் எவரும் இல்லை. அக்குடும்பத்தார் எழுதிய நூல்களைப் படித்தவரும் எவரும் இல்லை. அவர்கள் வீட்டு வாசலில் முன்பு ஒரு கொடுக்காப்புளி மரம் நின்றது. மரம் விழுந்துவிட்டது, பெயர் நின்றுவிட்டது.

அந்த வீட்டில் நால்வர் இருந்தனர். நால்வரும் ஆராய்ச்சியாளர்கள். பெரியப்பா திருமேனிநாதர் நிலவின் தரையை ஆராய்ந்தவர். சித்தப்பா கனகசபாபதி கோயில் மணிகளின் ஓசையை ஆராய்ந்தவர். அத்தை அகிலாண்டம் ஊறுகாய் கெடாதிருக்கும் வழியை ஆராய்ந்தவர். நூல் எழுதினால் அட்டையில் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது தற்பெருமை என்பது அவ்வீட்டின் கொள்கை. ஆகவே எல்லா நூல்களிலும் ‘கொடுக்காப்புளியார்’ என்றே இருக்கும். நிலவுக்கும் ஊறுகாய்ச் சாடிக்கும் இடையே ஓய்வின்றி நடமாடும் பேரறிஞர் ஒருவர் சாம்பலூரில் இருப்பதாக வெளியூர் நூலகங்களில் நெடுநாள் நம்பிவந்தார்கள்.

நான்காமவள் தையல்நாயகி. அவளுக்கு மட்டும் இன்னும் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. அதனால் வந்த இழப்பு சிறிதன்று. சித்திரை முழுநிலவன்று நடக்கும் குடும்ப விருந்தில் பட்டம் பெற்றவரே பந்தியில் அமரலாம். பெறாதவர் பரிமாற வேண்டும். அமர்ந்தவர் எழுந்த பிறகே தாம் உண்ண வேண்டும். ஆண்டுதோறும் மூவர் அமர்வார்கள், தையல்நாயகி பரிமாறுவாள். அவள் தனக்கென்று இலை போடும் நேரத்தில் சாம்பாரில் முருங்கைக்காய் இராது. பாயசத்தில் முந்திரி இராது. வடையோ வாசனையாக மட்டுமே இருக்கும். வடை சூடாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்பதை அவள் கேள்வியறிவாகவே பெற்றிருந்தாள்.

சூடான வடையை மனத்தில் நிறுத்தி அவள் மண்புழுவை ஆராய்ந்தாள். மண்புழு உள்ள மண் வளம் பெறும், அது இல்லாத மண் வளம் குன்றும் என்பது அவள் முடிவு. கொல்லையில் ஒரு பாத்தி முழுக்க மண்புழு வளர்த்து, ஆய்வேட்டையும் எழுதி முடித்தாள்.

ஆய்வேட்டைச் சோதிக்க நகரத்திலிருந்து பேராசிரியர் வைகுந்தவாசன் ஐப்பசி மாதம் வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“வேலை நல்ல வேலைதாம்மா. ஆனா கொடுக்காப்புளியார் இதுக்கு முன்னாடி சொன்னதை நீங்க கண்டுக்கவே இல்லையே. அவர் சொன்னதோட உங்க முடிவு ஒத்துப்போகுதுன்னு காட்டுங்க. பங்குனியில வர்றேன். பட்டத்தை அப்புறம் பேசுவோம்.”

அவர் கருதியது, மண்புழுவைப் பற்றி முன்பு வெளிவந்த ஒரு சிறு கட்டுரையை. அதை எழுதியவள் தையல்நாயகியேதான். குடும்பப் பெயரில் வந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை. குடும்ப அடக்கம் மிகுந்தவளாதலால் அவளுக்கும் அது தோன்றவில்லை.

பேராசிரியரின் பேருந்து புறப்பட்டதும் குடும்பம் கூடியது. பெரியப்பா தம் நூலை எடுத்துவரச் செய்து, முடிவுரையை உரக்கப் படித்தார்: “அத்தரையில் உயிரினம் ஏதும் இல்லை. நீர் இல்லை. காற்றும் இல்லை.”

தையல்நாயகிக்கு முகம் வாடியது. “பெரியப்பா, என் பாத்தியில உயிர் இருக்கே.”

“இருக்குன்னு நீ எழுதியிருக்கே. இல்லேன்னு நான் எழுதியிருக்கேன். ரெண்டு அட்டையிலயும் ஒரே பேர். ஒரே ஆள் ரெண்டு விதமா பேசினா ஊர்ல மதிப்பாங்களா?”

“நீங்க எழுதினது நிலாவைப் பத்தி இல்லையா?” என்றாள் அவள், மெதுவாக.

“நிலாவோ கொல்லையோ, தரை தரைதானேம்மா!” என்றார் சித்தப்பா. “அண்ணன் அச்சுல போட்டதை இனி மாத்த முடியாது. புழுவை மாத்தலாம்.”

இந்த வாதத்தில் குறை காண முடியாமல் தையல்நாயகி முறத்தை எடுத்தாள். பாத்தியைக் கிளறி, புழுக்களைப் பொறுக்கி, அணைத்து எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு மருதாயியின் கத்தரித் தோட்டத்தில் சுவருக்கு மேலாக இறக்கிவிட்டாள். பாத்தியில் உயிர் ஒழிந்தது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார்கள், நீரும் ஒழிந்தது. காற்றுதான் அடம்பிடித்தது.

ஆளுக்கொரு பனையோலை விசிறியுடன் பாத்தியைச் சுற்றி நின்று காற்றைச் சுவருக்கு வெளியே தள்ளினார்கள். முன்பக்கம் தள்ளத் தள்ள அது பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

மருதாயி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். “என்ன பெரியவரே, என்ன வேலை இது?”

“காத்தை வெளியேத்தறோம் மருதாயி. உனக்கு இடைஞ்சலா இருந்தா சொல்லு.”

“இடைஞ்சல் என்ன, துணி காயப் போட்டிருக்கேன். இன்னும் கொஞ்சம் பலமா தள்ளுங்க.”

அவள் துணிகள் காய்ந்தபோது, காற்று அந்தப் பக்கம் போய்விட்டதற்கு அதுவே சான்று என்று பெரியப்பா முடிவு செய்து விசிறியைக் கீழே வைத்தார்.

அடுத்து சித்தப்பாவின் முறை. ‘முறையாகத் தொங்கவிட்டு அடித்தால் ஓசை மூன்று தெருவுக்குக் கேட்கும்’ என்பது அவருடைய முடிவு. ஒரே ஒரு புழுவை மருதாயியிடம் இரவல் வாங்கிவந்து, வாழைநாரில் இதமாகத் தொங்கவிட்டார்கள். பெரியப்பா மூன்றாம் தெருவுக்குப் போய்ச் செவியைத் தீட்டிக்கொண்டு நின்றார். சித்தப்பா மயிலிறகால் புழுவை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு வாயைக் குவித்து, “அண்ணா, கேட்டதா?” என்று கூவினார்.

“கேட்டது!” என்று பதில் வந்தது.

“எப்படி இருந்தது?”

“அப்படியே உன் குரல் மாதிரி இருந்தது!”

மண்புழுவின் ஓசை கனகசபாபதியின் குரலை ஒத்தது என்று தையல்நாயகி ஆய்வேட்டில் சேர்த்துக்கொண்டாள். புழுவை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

எஞ்சியது அத்தையின் முடிவு: ‘சாடியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, வெயிலில் வைத்தால் ஓராண்டு கெடாது.’

“அடியே, உப்புல புழுவைப் போட்டா செத்துப்போயிடும். உனக்குப் பாவம், என் சாடிக்கு அவப்பேர்” என்றார் அத்தை.

“அதான் புழுவே இல்லையே அத்தை.”

“அப்ப சரி.”

வெறும் சாடியின் வாயைக் கட்டி வெயிலில் வைத்தார்கள். தையல்நாயகி வாரந்தோறும் துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். உள்ளே இருந்தது கெடவே இல்லை.

பங்குனியில் பேராசிரியர் வந்தார். கொல்லைக்குப் போனவர், வெடித்து வெளுத்துக் கிடந்த பாத்தியைப் பார்த்துத் திகைத்தார். அதில் புல்கூட முளைத்திருக்கவில்லை.

“புழு எங்கேம்மா?”

“இல்லைங்க ஐயா. கொடுக்காப்புளியார் இல்லேன்னு சொல்லியிருக்கார்.”

“எந்தக் கொடுக்காப்புளியார்?”

“நான்தான்” என்றார் பெரியப்பா. “நானும்தான்” என்றார் சித்தப்பா. அத்தை சாடியை எடுத்துவந்து பேராசிரியரின் கையில் கொடுத்தார். அவர் துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தார்.

“இதுல ஒண்ணும் இல்லையே?”

“இல்ல. ஆனா பாருங்க, கெடவும் இல்ல.”

பேராசிரியர் மூவர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். முடிவில் துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டார். “அம்மா, நான் சொன்னது மண்புழுவைப் பத்தின கட்டுரை. அதை எழுதின கொடுக்காப்புளியார் யாரு?”

தையல்நாயகி நெடுநேரம் யோசித்தாள். “நான்தான் போல இருக்குங்க ஐயா.”

பேராசிரியர் பையைத் தோளில் மாட்டினார். தையல்நாயகியின் கண்முன் அடுத்த சித்திரையும் அதற்கடுத்த சித்திரையும் கரண்டியோடு நின்றன.

அப்போது சுவருக்கு அப்பாலிருந்து மருதாயியின் குரல் எழுந்தது. “ஏம்மா நாயகி! உன் புழுவெல்லாம் என் மண்ணைப் புரட்டிப் போட்டுடுச்சு. செடி தாங்காம காய்க்குது. இந்தா, கூடையைப் பிடி!”

கூடை நிறையக் கத்தரிக்காய், ஒவ்வொன்றும் எண்ணெய் பூசினாற்போல் மின்னியது. பேராசிரியர் சுவரில் ஏறி எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று இருந்தது. திரும்பி இந்தப் பக்கம் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

“ஒரே மண். ஒரே மழை. நடுவில ஒரு சுவர். புழு இருக்கிற பக்கம் விளைச்சல், இல்லாத பக்கம் பாலை. அம்மா, இதைவிடத் தெளிவான சோதனையை நான் கண்டதில்லை! எப்படித் தோணிச்சு உங்களுக்கு?”

“பெரியப்பாதான் காத்தைக்கூட எடுத்துடணும்னார்” என்றாள் தையல்நாயகி, உண்மை தவறாமல்.

பட்டம் கிடைத்தது. பேராசிரியர் கத்தரிக்காயோடு ஊர் திரும்பினார்.

சித்திரை முழுநிலவு வந்தது. அத்தை சமையலை முடித்துவிட்டார். கூடத்தில் நான்கு பாய், நான்கு தலைவாழை இலை. தையல்நாயகி புதுப்புடவை உடுத்தி, நான்காம் பாயில் அமர்ந்து, இலையில் நீர் தெளித்துத் துடைத்தாள். அடுக்களையிலிருந்து வடை மணம் வந்தது. நால்வரும் அடுக்களை வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்தார்கள்.

“யார் பரிமாறுறது?” என்றார் சித்தப்பா.

“பட்டம் இல்லாதவங்க” என்றார் பெரியப்பா.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

“மருதாயியைக் கூப்பிடுவோமா?” என்றாள் தையல்நாயகி.

“குடும்ப விருந்துல குடும்பத்தார்தான் பரிமாறணும்” என்று அத்தை மறுத்தார்.

பெரியப்பா கண்ணை மூடிச் சிந்தித்தார். “எனக்குப் பட்டம் நிலாவுல. தம்பிக்கு மணியில. அகிலாண்டத்துக்கு ஊறுகாயில. இவளுக்குப் புழுவுல. பரிமாறுறதுல நம்ம யாருக்காவது பட்டம் இருக்கா?”

“இல்லையே!”

“அப்ப அந்தத் துறையில நாம எல்லாருமே பட்டம் இல்லாதவங்க. எழுந்திருங்க.”

நால்வரும் எழுந்தனர். பெரியப்பா சோற்றுத் தவலையையும், சித்தப்பா சாம்பார் வாளியையும், அத்தை பாயசச் செம்பையும் எடுத்தனர். தையல்நாயகியின் கைக்கு வடைத் தட்டு வந்தது. வடை சூடாகத்தான் இருந்தது. தட்டின் அடியில் கை சுட்டது. ஒழுங்கு தவறாமல் நான்கு இலைகளுக்கும் பரிமாறினார்கள். பிறகு, அமர்ந்தவர்கள் எழும்வரை காத்திருக்க வேண்டுமாதலால், சுவரோரமாக வரிசையில் நின்றார்கள்.

நெடுநேரமாயிற்று. எவரும் எழவில்லை.

“மெதுவா சாப்பிடுறாங்க” என்று முணுமுணுத்தார் சித்தப்பா.

“நிதானமான மனுஷங்க. பேச்சு இல்ல, சத்தம் இல்ல, பந்தின்னா இப்படி இருக்கணும்” என்றார் பெரியப்பா.

தட்டில் ஒரே ஒரு வடை மீந்திருந்தது. அதில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. தையல்நாயகி அதைப் பார்த்தாள். நான்காம் இலையைப் பார்த்தாள்.

“பெரியப்பா, அந்தக் கடைசி இலைக்கு இன்னொரு வடை வைக்கட்டுமா?”

பெரியப்பா ஆளில்லாத பாயைக் கூர்ந்து நோக்கினார்.

“போதும்னு கையைக் காட்டலையே” என்றார். “வை, வை. கேட்கக் கூச்சப்படுறாங்க.”