எருமைக்குக் கிடைத்த அரசங்கொத்து

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் ஓர் ஓணான் இருந்தது. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டும். அது ஓணான்களின் பிறவிப் பழக்கம். ஆனால் மற்ற விலங்குகளோ, "ஆகா, எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார்!" என்று மயங்கி, அதை மனநல ஆசானாக்கிப் பாறை மேல் உட்கார வைத்துவிட்டன.

ஆசான் ஒரு சட்டம் போட்டது. காலையில் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் முதலில் பாறை முன் நின்று, "மனம் சுகமே" என்று சொல்ல வேண்டும். சொன்னவர் குடிக்கலாம். சொல்லாதவருக்கு, உணர்ச்சியை அடக்குவது எப்படி என்று உபதேசம் நடக்கும். அது முடிவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். தாகம் யாரை விட்டது? பெண்டாட்டி பிறாண்டிய கன்னத்தோடு வந்த குரங்குகூட, "மனம் சுகமே" என்று பல்லைக் காட்டியது.

அந்த மழைக்காலத்தில் காட்டாற்று வெள்ளம் எருமையின் கன்றை அடித்துக்கொண்டு போனது. மறுநாள் காலை எருமையும் பாறை முன் வந்து நின்றது.

"மனம் சுகமே, ஐயா."

ஓணான் பூரித்துப் போனது. "பார்த்தீர்களா? பெற்ற கன்று போயும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இதுவல்லவா மனப்பக்குவம்!"

அடுத்த பத்து நாளும் இதே பதில் வந்தது. ஓணான் எருமைக்கு 'மனவுறுதி மாமணி' என்று பட்டம் கொடுத்து, அதன் கொம்பில் ஓர் அரசங்கொத்தைக் கட்டச் சொன்னது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

எருமையின் முதுகில் உண்ணி பொறுக்கும் கொக்கு மட்டும் சும்மா இருந்தது. அந்த முதுகு அதற்கு அத்துப்படி. அலகு பட்டால் தோல் சிலிர்க்கும், இப்போது சிலிர்க்கவில்லை. எருமை அசைபோட்டே பல நாளாகியிருந்தது. விலா எலும்புகள் கொக்கின் காலில் தட்டுப்பட்டன.

பட்டம் வாங்கிய கையோடு எருமை சேற்றில் போய்ப் படுத்தது. எழவில்லை.

"ஐயா, அக்கா செத்துப் போயிடும் போலிருக்கு," என்று பதறியது கொக்கு.

"தியானத்தில் இருக்கிறாள். தொந்தரவு செய்யாதே."

கொக்கு சேற்றில் இறங்கி எருமையின் முகத்தருகே நின்றது. "அக்கா, கன்னுக்குட்டிக்கு என்ன பேரு வெச்சிருந்தே?"

எருமை சேற்றிலிருந்து முகத்தை மெல்லத் தூக்கியது.

"சுழியன்," என்றது. "நெத்தியில வெள்ளையா ஒரு சுழி இருக்கும்டி."

அவ்வளவுதான். அது கதறிய கதறலில் குளக்கரையே கலங்கியது.

"ஐயையோ, பட்டம் போச்சே!" என்று ஓணான் அலறியது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. குரங்கு வந்து எருமையின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு தானும் அழுதது. கொக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சுழியன் எப்படித் துள்ளுவான், எப்படிப் பால் குடிப்பான் என்று கேட்டது. எருமை சொல்லச் சொல்ல, நகராமல் நின்றது.

பொழுது சாயும்போது எருமை மெல்ல எழுந்தது. "பசிக்குதுடி."

கொக்கு அதன் கொம்பிலிருந்த அரசங்கொத்தை உருவிக் கீழே போட்டது. எருமை மனவுறுதி மாமணிப் பட்டத்தை இலை விடாமல் மென்று விழுங்கியது.

பாறை மேல் ஓணான் தனியாக இருந்தது. கொக்கு அதனிடமும் போய், "உங்க மனசு எப்படி இருக்கு, ஐயா?" என்று கேட்டது. இதுவரை யாரும் அதனிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆசான் தலையை மட்டும் ஆட்டியது.

அடக்கி வைத்த துக்கம் ஆளையே தின்றுவிடும். அதை அருகிலிருந்து கேட்கத் தெரிந்தவரே மனநலம் அறிந்தவர்.